ஒரு மணி நேரத்துக்குள் தொடங்காத பயணம்

புறநகர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தால், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். இது விதி. டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். கைப்பேசியில் எடுத்தால் அங்கேயும் எழுதியிருக்கும். மும்பையில் தினமும் ரயிலேறுகிற அத்தனை கூட்டத்திலும் இந்த வரியைப் படித்தவர்கள் இரண்டே பேர் என்று நினைக்கிறேன். ஒருவர் இதை எழுதியவர். இன்னொருவர் நான்.

படித்ததோடு விட்டிருக்கலாம். பின்பற்றியதால் வந்த வினை இது.

முதலில் என்னைப் பற்றி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் விடுமுறையில் ஊர் சுற்றப் போவதற்கு அனுமதி தருவது என் வேலை. பெரும்பாலும், தராமல் இருப்பது. பயணச் சலுகை கேட்டு வருகிற மனுக்களில் குறை கண்டுபிடிப்பதில் எனக்கு இணையானவர் கிடையாது என்று பிரிவு உபசார விழாவில் பேசினார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். (பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி ஜயா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.)

மும்பையில் குளிர்காலம் என்பது ஒரு நம்பிக்கை. தீபாவளி முடிந்து சில வாரங்களில் ஒரு நாள் விடியற்காலை மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்போம். மறுநாள் எங்கள் மாட்டுங்காவில் பாதிப் பேர் மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்க வருவார்கள். வடக்கே இருப்பவர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுத் திரிகிற வெப்பநிலையில் நாங்கள் காதை மூடிக்கொள்வோம். அந்த வாரத்திலிருந்து ஊருக்கே ஒரு தினவு எடுக்கும். எங்காவது போக வேண்டும்.

எங்கள் பூங்காவில் காலை நடைக்கு வருபவர்கள் உட்காரும் பெஞ்சு ஒன்று உண்டு. நடக்கிற நேரத்தைவிட அதில் உட்காருகிற நேரம் அதிகம். அந்தப் பெஞ்சிலிருந்தே நாங்கள் லடாக் போயிருக்கிறோம். காஷ்மீர் இரண்டு முறை. கேதார்நாத்துக்குக் குதிரையில் போவதா, டோலியில் போவதா என்று வாக்குவாதம் முற்றி, இரண்டு பேர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் தாணேயைத் தாண்டிப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

இந்தப் பயணங்களுக்கெல்லாம் நான்தான் ஆலோசகர். வழி, இணைப்பு ரயில், முன்பதிவு எப்போது திறக்கும், மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப் படுக்கை எந்த நிலைமையில் கிடைக்கும், ரத்து செய்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று எல்லாம் என்னிடம் கேட்பார்கள். நான் ரத்து செய்தால் பிடிப்பதை முதலில் சொல்லிவிடுவேன். அதன் பிறகு மற்ற விவரங்கள் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

ஜயா பெஞ்சுக்காரி அல்ல. அவள் ஆசை ஒன்றே ஒன்று. மாதேரான். எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் இட்லி செரிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கர்ஜத் லோக்கலில் ஏறி நேரலில் இறங்கினால், அங்கிருந்து மலை மேல் ஒரு சின்ன ரயில் வளைந்து வளைந்து ஏறும். அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும். அவ்வளவுதான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் கேட்டாள். ஸ்விட்சர்லாந்து கேட்கவில்லை.

நான் மறுத்ததே இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஒவ்வொரு குளிருக்கும் பரிசீலித்தேன். ஒரு வருடம் விடுப்பு இல்லை. சில வருடம் பெண்ணுக்குப் பரீட்சை. மழையில் மண் சரிந்து சின்ன ரயிலை நிறுத்தி வைத்திருந்த வருடங்களில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. காரணம் தேட வேண்டியதில்லை.

போன குளிருக்கு முன் டாக்டர், தை பிறந்ததும் ஜயாவின் இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டில் மோர் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஏன்னா, முட்டியை மாத்தறதுக்கு முன்னாடி, இந்த முட்டியோட ஒரு தடவை மாதேரான் போயிட்டு வந்துடறேன். புது முட்டியை நம்பறதுக்கில்லை."

'போயிட்டு வந்துடறேன்' என்றாள். 'போயிட்டு வந்துடலாம்' என்று சொல்லவில்லை. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை. மோர் சாதத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெஞ்சில் விஷயத்தை வைத்தேன். இங்கே பொன்ராஜைச் சொல்ல வேண்டும். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னதால் எங்கள் பூங்காவுக்கு வருகிறார். வந்து, நடப்பவர்களுக்கு ஜிலேபி வாங்கித் தருவார். என்னைச் 'சார்வாள்' என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று என்னால் இன்றுவரை பிரித்தெடுக்க முடிந்ததில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கர்ஜத் வண்டியில் தாதரில் ஏறவே முடியாது, பொன்ராஜ். அவளால் நிற்கவும் முடியாது" என்றேன். (மூத்த குடிமக்களுக்கென்று தனி இருக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒதுக்கியவர்கள் ஒரு நாளாவது வந்து பார்க்கலாம்.)

"அதுக்கென்ன சார்வாள். ரிட்டர்ன்ல உக்காந்துற வேண்டியதுதான."

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காக விளக்குகிறேன். வடக்கே போக வேண்டியவன், தெற்கே போகிற வண்டியில் ஏறிக் கடைசி நிலையமான வி.டி. வரை போவான். (அதற்கு இப்போது பெயர் வேறு. ஊர் வாயில் அது இன்னும் வி.டி.தான்.) அங்கே எல்லோரும் இறங்குகிற நேரத்தில் இவன் மட்டும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். அதே வண்டி வடக்கே திரும்பும். பிளாட்பாரத்தில் காத்திருந்தவர்கள் முட்டி மோதி உள்ளே வரும்போது இவன் ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டிருப்பான். எந்த வண்டி எந்த வண்டியாகத் திரும்பும் என்பது எங்கும் அச்சிடப்படவில்லை; ஆனால் எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பெயர் ரிட்டர்ன். தெற்கே போகிற அந்தத் துண்டுப் பயணத்துக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. ஆகவே விதிப்படி இது டிக்கெட் இல்லாப் பயணம்.

"அப்படியானால் தாதரிலிருந்து வி.டி.க்கு ஒரு டிக்கெட், வி.டி.யிலிருந்து நேரலுக்குத் தனியாக ஒரு டிக்கெட் எடுத்துவிடலாம்" என்றேன்.

பெஞ்சு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ரிட்டர்னுக்கு டிக்கெட்டா?" என்றார் பொன்ராஜ். "நாப்பது வருசமா இந்த ஊருல கெடக்கேன், கேள்விப்பட்டதில்ல. வெளிய சொல்லிராதீய சார்வாள். சிரிப்பாவ."

அவரும் அவர் மனைவி வள்ளியம்மாளும் துணைக்கு வருவதாக ஏற்பாடு. வள்ளியம்மாளும் ஜயாவும் பூங்கா யோகா வகுப்பில் சிநேகிதமானவர்கள். இருவராலும் எந்த ஆசனமும் போட முடியாது என்பது அந்த நட்பின் அஸ்திவாரம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எழுந்து, வீட்டிலேயே உட்கார்ந்து கைப்பேசிச் செயலியில் இரண்டு டிக்கெட்டுகளையும் நான்கு பேருக்கும் எடுத்து முடித்தேன். வீட்டிலேயே எடுத்ததற்குக் காரணம் உண்டு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றால் அந்தச் செயலி டிக்கெட் தராது. பரிசோதகரைக் கண்டதும் டிக்கெட் எடுத்துவிடுகிற புத்திசாலிகளைத் தடுப்பதற்கான ஏற்பாடு. நியாயமான ஏற்பாடு. ஊரில் அதை மனதாரப் பாராட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ரெண்டு டிக்கெட்டும் கையில. இனிமே எவனும் நம்மைக் கேள்வி கேக்க முடியாது" என்றேன்.

"இப்பவும் யாரும் கேக்கல்லையே" என்றாள் ஜயா, தலையைப் பின்னிக்கொண்டே.

பிறகு பொன்ராஜின் டாக்ஸிக்காகக் காத்திருந்தோம். வள்ளியம்மாள் புளியோதரை கட்டினாள், எங்கள் கண்ணில் படாமல் அவித்த முட்டையைத் தனிப்பையில் வைத்தாள், அந்தப் பையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போனாள். தாதரில் ஜயா படியிறங்க நேரமாயிற்று. வந்த முதல் வண்டி ரிட்டர்னுக்கு ஆகாது என்று பொன்ராஜ் விட்டுவிடச் சொன்னார். அடுத்ததில் ஏறினோம்.

வி.டி.யில் வண்டி நுழையும்போதே வேலை ஆரம்பமானது. நிற்பதற்கு முன்பே ஆட்கள் உள்ளே குதித்தார்கள். பொன்ராஜ் அதற்கு முன்பே எதிரெதிரான இரண்டு பெஞ்சுகளில் ஒன்றில் தானும் இன்னொன்றில் முட்டைப் பையுமாக இடம் பிடித்துவிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் பெட்டி நிரம்பியது. ஜயாவுக்கு ஜன்னலோரம்.

உட்கார்ந்ததும் அவள் பையிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எப்போதோ ஊட்டிக்கென்று வாங்கியது. ஊட்டியைப் பார்க்காமலே கிழடாகிவிட்ட ஸ்வெட்டர். பெட்டியில் நிற்கிறவர்கள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். அவள் கழுத்து வரை பொத்தானைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்படி இருந்து நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

வி.டி.–நேரல் டிக்கெட் எடுத்து ஒரு மணி நேரம் கடந்திருந்தது.

"டிக்கெட் காலாவதியாயிடுத்து" என்றேன்.

"என்ன சார்வாள் சொல்லுதீய? கர்ஜத் கிளம்பப் போவுது."

"ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கியிருக்க வேண்டும்."

"நாமதான் தாதர்லயே தொடங்கிட்டோமே."

"அது வேறு பயணம். அது முடிந்துவிட்டது. இந்தப் பயணம் இன்னும் தொடங்கவில்லை. தொடங்குவதற்கு முன்பே டிக்கெட் செத்துவிட்டது."

பொன்ராஜ் என்னை, பட்டறையில் தையல் தப்பிய பையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நாலு பேரும் கெழடு. ரெண்டு பேருக்கு முட்டு போயாச்சு. எந்தப் பரிசோதகன் வந்து மணி பாக்கப் போறான்? உக்காருங்க."

"ஏன்னா, சித்த உக்காருங்கோளேன்" என்றாள் ஜயா. கெஞ்சுகிற குரல் அல்ல. என்ன நடக்கப் போகிறது என்று முன்பே தெரிந்தவளின் குரல்.

"இதோ வந்துட்டேன். அஞ்சு நிமிஷம்" என்று எழுந்தேன். என் இடத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்தது.

பிளாட்பாரத்தில் செயலி மறுத்தது. எதிர்பார்த்ததுதான். கவுன்ட்டர்களில் மும்பையின் மொத்தக் குளிர்கால உல்லாசமும் தொப்பியும் கூடையுமாக வரிசையில் நின்றது. நிலையத்துக்குள்ளேயே டிக்கெட் எடுக்கச் சுவரில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடு ஒட்டியிருப்பார்கள். அன்று அதன் மேல் யாரோ மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ஆகவே தண்டவாளத்தை விட்டு விலகி நடந்தேன். பெரிய கூடத்தில் மறுத்தது. வாசலில் மறுத்தது. டாக்ஸி நிறுத்தத்தில் மறுத்தது. நான் இன்னும் ரயிலில்தான் இருக்கிறேன் என்று அது பிடிவாதமாக நம்பியது.

கைப்பேசியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஏற வேண்டிய ரயிலுக்கு முதுகைக் காட்டி, வேக வேகமாக அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கிழவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மப்ளர் வேறு. சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதையில் இறங்கினேன். (சாலையை மேலேயே கடந்திருக்கலாம். அது குற்றம்.) அங்கே இருபுறமும் குரங்குக் குல்லாய் விற்றுக்கொண்டிருந்தார்கள். சிக்னல் இல்லை. எதிர்ப்பக்கம் ஏறி வந்து, தெருவில் நின்று, மறுபடி முயன்றேன்.

கிடைத்தது. நான்கு பேர், வி.டி. முதல் நேரல் வரை. எந்தக் குறையும் சொல்ல முடியாத டிக்கெட். அந்த நிமிஷம் நான் அடைந்த திருப்தியை மறைத்து என்ன ஆகப் போகிறது? என் வாழ்க்கையில் அதற்குச் சமமான திருப்திகள் மொத்தமே ஏழெட்டு இருக்கும். எல்லாமே அலுவலகத்தில் கிடைத்தவை.

திரும்பி வந்தபோது வண்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

ஓடினேன். எங்கள் பெட்டியின் கதவில் பொன்ராஜ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். "ஓடியாங்க சார்வாள், ஓடியாங்க. கையக் குடுங்க, நான் தூக்கிருதேன்."

வண்டி நடை வேகத்தில்தான் போனது. இந்த ஊரில் தலையில் மீன்கூடையோடு ஏறுவார்கள். எனக்கும் பொன்ராஜின் விரல்களுக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. நான் கையைத் தூக்கினேன். தூக்கியபோது, ஓடுகிற ரயிலில் ஏறுவது தண்டனைக்குரிய குற்றம் என்று ஞாபகம் வந்தது.

நின்றுவிட்டேன்.

பொன்ராஜின் கை என்னைக் கடந்து போயிற்று. அடுத்தது ஜயாவின் ஜன்னல். நான் கைப்பேசியை உயர்த்தி, திரையை அவள் பக்கம் காட்டி, "கிடைச்சுடுத்து" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, பதற்றம் இல்லை. வேகவண்டியில் போகிறவர்கள், அந்த வண்டி நிற்காத நிலையத்தைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். நீல ஸ்வெட்டர் கண்ணிலிருந்து மறைகிறவரை நான் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகுதான் உறைத்தது. செல்லும் டிக்கெட், செல்லாத டிக்கெட், எல்லாமே என் கைப்பேசியில். மூன்று பேர் டிக்கெட் இல்லாமல் ரயிலில் போகிறார்கள். நான்கு பேருக்கான டிக்கெட்டோடு நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். ரிட்டர்னுக்குக்கூட டிக்கெட் எடுத்த ஒரே கூட்டத்தை நானே டிக்கெட் இல்லாக் கூட்டமாக ஆக்கியிருந்தேன்.

ஜயாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "டிக்கெட் என்னிடம் உள்ளது. தாதரில் இறங்கவும்."

இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. படித்துவிட்டாள். பதில் இல்லை.

பொன்ராஜ் கூப்பிட்டார். பின்னால் வள்ளியம்மாளின் குரல் கேட்டது: "மாமி, நீங்க எந்திரியாதீய. எந்திரிச்சா எடம் போயிரும்."

"சார்வாள், அந்த டிக்கெட்ட அப்படியே ஒரு போட்டா புடிச்சு அனுப்பிருங்க. கேட்டாக் காட்டிக்கிடுதோம்."

"அது செல்லாது, பொன்ராஜ். எடுத்த கைப்பேசியில் காட்டினால்தான் செல்லும். படம் பிடித்து அனுப்புவது—"

"சரி, வைக்கேன்" என்றார்.

அனுப்பியிருக்கலாம். செல்லாவிட்டாலும் ஒரு பேச்சுக்காவது ஆகியிருக்கும். நான் அனுப்பவில்லை. நானும் அடுத்து வந்த கல்யாண் வண்டியில் ஏறி, அங்கே மாறி, நின்றுகொண்டே நேரல் போய்ச் சேர்ந்தேன். (பயணத்தை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.) வழியெல்லாம் நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்று கேட்டால், அவர்களைப் பரிசோதகர் பிடிக்க வேண்டும் என்றுதான். பிடித்தால் நான் சொன்னது சரி என்று ஆகும்.

பிடித்திருந்தார். நேரலில் படியருகே நின்ற பரிசோதகரிடம் நானே போய் என் கைப்பேசியை நீட்டினேன். நடுவயதுக்காரர். திரையைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார்.

"டிக்கெட் சார் ஆத்மி கா. ஆத்மி ஏக்?"

நான்கு பேருக்கு டிக்கெட், ஆள் ஒருவர்தானா என்று கேட்கிறார். மற்ற மூவர் முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்று என் அலுவலக ஹிந்தியில் விளக்கினேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. நீல ஸ்வெட்டர் போட்ட அம்மாவா என்றார். முந்தின வண்டியில் வந்தார்களாம். டிக்கெட் எங்கே என்று கேட்டதற்கு, சாரிடம் இருக்கிறது என்றாளாம். சார் எங்கே என்று கேட்டாராம்.

"டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார்" என்றாளாம் ஜயா.

"அபராதம் கட்டினார்களா?" என்று கேட்டேன். என் மனைவி வலிக்கிற முழங்காலோடு பத்திரமாகப் போனாளா என்று முதலில் கேட்டிருக்கலாம்.

கட்டினார்களாம். சிரித்துக்கொண்டே கட்டினார்களாம். தன் சர்வீஸில் அழுதுகொண்டு கட்டியவர்களை, சண்டை போட்டுக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறாராம், சிரித்துக்கொண்டு கட்டியவர்களைப் பார்த்ததில்லையாம். அந்த மூவரின் பயணம் விதிப்படி முறையானதே என்றும், டிக்கெட் வேறு வண்டியில் வந்தது மட்டுமே குறை என்றும் நான் வாதத்தை ஆரம்பித்தேன். அவர் என் தோளைத் தொட்டு, டீ சாப்பிடுங்கள் என்றார்.

சின்ன ரயில் போய்விட்டிருந்தது. டாக்ஸிக்காரர்கள் மலையடிவாரத்தில் கூவிக் கூவி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தேன். கோபம் என்று சொல்ல முடியாது. விளக்கம் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருக்கும் அதிகாரியின் நிலைமை அது. நான் அங்கேயே வடா-பாவ் தின்றேன். குளிர்காலப் பயணிகள் குல்லாய் வாங்கினார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள், மலையைக் காட்டிக் குழந்தைகளுக்கு ஏதோ சொன்னார்கள். நான் இருந்த பெஞ்சிலிருந்து மலை தெரியவில்லை. நடுவில் கழிப்பறை.

சாயங்காலம் இறங்கி வந்தார்கள். ஜயா கையில் புதுக் கைத்தடி, வள்ளியம்மாள் தோளில் ஒரு கை. ஸ்வெட்டரில் செம்மண். கன்னம் வெயிலில் சிவந்திருந்தது. பொன்ராஜ் என்னைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"இங்கயா இருக்கிய? ஏன் மேல வரல?"

ஜயா பையைத் திறந்து நான்கு காகித டிக்கெட்டுகளை எடுத்தாள்.

"உங்களுக்கும் சேத்து எடுத்துட்டேன்" என்றாள். "இப்பத்தான் எடுத்தது. ஒரு மணி நேரம் ஆகல்லை, பயப்படாதேங்கோ."

வள்ளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது ரயிலில் மூவருக்கும் இடம் கிடைத்தது. நான் நின்றேன். மாதேரான் எப்படி இருந்தது என்று கல்யாணில் ஒரு தடவை, தாணேயில் ஒரு தடவை கேட்டேன். "போய்ப் பாத்துக்கோங்கோ" என்றாள் இரண்டு தடவையும். இன்றுவரை சொல்லவில்லை. ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள், பள்ளத்தாக்கு தெரிந்ததா, குளிர்ந்ததா, ஸ்வெட்டர் போதுமாக இருந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. பொன்ராஜைக் கேட்டால், "மாமிகிட்டயே கேளுங்க சார்வாள்" என்கிறார். என்னைப் பொறுத்தவரை மாதேரான் இன்னும் திறக்கப்படாத ஊர்.

தையில் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. குடும்பத்தில் இந்தக் கதை அதைவிட நன்றாக முடிந்தது. யார் எங்கே காணாமல் போனாலும் எங்கள் வீட்டில் இப்போது ஒரே பதில்தான். கல்யாண வீட்டில் பந்தியில் என் இலை காலியாக இருந்தால், "அப்பா டிக்கெட் எடுக்கப் போயிருக்கார்" என்கிறாள் என் பெண். (பக்கத்து இலைக்காரர்கள் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பதறி எழுந்ததும் உண்டு.) மாப்பிள்ளை குளியலறையில் நேரமாக்கினால் அவரும் டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார். பூங்கா பெஞ்சில் நான் இல்லாத நாளில் என்ன சொல்வார்கள் என்று நான் விசாரிப்பதில்லை.

என்னைக் குடைந்தது அந்தச் செய்திதான். படித்துவிட்டுப் பதில் போடாத கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்புவது முறை. அனுப்பினேன். மாசியில் ஒன்று: "தாதரில் இறங்கச் சொல்லி அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை." அடுத்த அறையிலிருந்து அவள் கைப்பேசி மணி அடிப்பது கேட்டது. நீலக் கோடுகள் விழுந்தன. வைகாசியில் இன்னொன்று: "ஏன் இறங்கவில்லை என்று அறிய விரும்புகிறேன்." அப்போது அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரையைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்தான். வாய்மொழிப் பதிலை என்ன செய்வது?

உண்மையில் வாயைத் திறந்து கேட்கப் பயம். முட்டி வலி, கூட்டம், இறங்க முடியவில்லை என்று அவள் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். அப்படிச் சொல்வதற்கு அவளுக்கு எத்தனையோ நாள் இருந்தது. சொல்லவில்லை.

இந்த வருடம் மின்விசிறியைக் குறைத்த வாரமே வீட்டில் ஏற்பாடு நடந்தது. யோகா வகுப்புப் பெண்கள், வள்ளியம்மாள் தலைமையில், மறுபடி மாதேரான். பெண்கள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஜயா புது முட்டியோடு, கைத்தடி இல்லாமல், வாசலில் நின்று செருப்பை மாட்டினாள்.

"ரிட்டர்னுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள். "எடுக்கப் போறதில்லை."

நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. வராதீர்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். வாங்கோ என்று சொல்லிவிட்டால், நான் என்னென்ன செய்வேன் என்ற பயம் அதைவிடப் பெரிது. அவள் போன பிறகு ஃபிளாஸ்கில் வைத்துவிட்டுப் போன காபியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கைப்பேசி அடித்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் நான் அனுப்பிய அதே செய்தியைத் தேடி எடுத்து, அதன் கீழேயே எழுதியிருந்தாள்.

"டிக்கெட் என்னிடம் உள்ளது. தாதரில் இறங்கவும்."

"தாதர் தாண்டியாச்சு."

பதில் கிடைத்த நாள்: கார்த்திகை தீபத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.